செஞ்சிச் சீமையின் சமயங்கள் – 9: பிறவியோடு வந்த கறை

சிங்கவரத்துக் குடைவரையையும் அங்கே பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரையும் சென்ற இதழில் பார்த்தோம். குகை, கோயில், கோட்டை என்று இதுவரை கட்டியவர்களின் கதையே வந்தது. இந்த இதழில் அவர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியின் பின்னால் போவோம். மனிதன் பிறக்கும்போதே ஏன் குறையோடு பிறக்கிறான்? ஒரு செயலும் செய்யாத பச்சைக் குழந்தைக்கு நோயும் சாவும் யார் கணக்கில் வருகின்றன?

செஞ்சிச் சீமையில் இதற்கு மூன்று பதில்கள் வேரூன்றின. சமணர் பதிலுக்குத் தடயம் தொண்டூர்ப் பாறையில் இருக்கிறது. சைவர் பதில் பெண்ணையாற்றுப் பக்கம் திருவெண்ணெய்நல்லூரில் நூலாயிற்று. மூன்றாவது, ஏதேன் தோட்டத்துக் கதையோடு கப்பலேறி வந்தது. ‘சென்மப் பாவம்’ என்று தமிழ்க் கத்தோலிக்கர் செபங்களில் சொல்லிவரும் கோட்பாடு அது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கறை எங்கிருந்து வந்தது என்று ஒரு சமயம் சொல்லும்போதே, அதை யாரால் போக்க முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

தொண்டூர்ப் பாறையும் ஐம்பத்தேழு நாளும்

தொண்டூர்க் குன்றில் துறவிகள் படுப்பதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். இளங்காயிபன் என்பவர் ஏவ, மோசி என்பவர் அமைத்துக் கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் செய்தி. அதில் வரும் ஊர்ப்பெயர் இன்றைய அகலூரை நினைவூட்டுகிறது. பாறையில் பார்சுவநாதரின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் சோழர் காலத்தில் விண்ணகோவரையன் வயிரிமலையன் என்ற தலைவன் வச்சிரசிங்க இளம்பெருமானடிகள் என்ற சமண ஆசிரியருக்குக் கொடை அளித்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. பல நூறு ஆண்டுகள் இங்கே துறவிகள் வந்து தங்கினார்கள். ஊரார் அவர்களைப் புரந்தார்கள்.

அவர்கள் என்ன நம்பினார்கள் என்பதை அறிய, செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குப் போக வேண்டும். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் செதுக்கிய இடம் அது. சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட செய்தியை அங்கே ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு குறிக்கிறது. சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு இளைய பட்டாரர் என்பவர் அதே குன்றில் முப்பது நாள் நோன்பிருந்து முடிந்தார்.

ஐம்பத்தேழு நாள் ஒருவர் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும்? சமணக் கோட்பாட்டில் வினை என்பது வெறும் செயலைக் குறிப்பதில்லை. அது மிக நுண்ணிய பருப்பொருள். ஆசையும் சினமும் எழும் ஒவ்வொரு கணமும் அது உயிருக்குள் வந்து சேர்கிறது. இதைத் தமிழ்ச் சமணர் ஊற்று என்றார்கள். சேர்ந்தது பிணித்துக்கொள்வது கட்டு. புதிய வினை நுழையாமல் அடைப்பது செறிப்பு. பழையதைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. எல்லாம் உதிர்ந்தபின் கிடைப்பது வீடு. சந்திரநந்தியின் நோன்பு அந்த உதிர்ப்பின் கடைசிப் படி.

இந்தக் கணக்கில் முதல் மனிதன் என்று ஒருவன் கிடையாது. உலகைப் படைத்த கடவுளும் இல்லை. உயிர் என்றைக்குக் கட்டுண்டது என்று கேட்டால், அதற்குத் தொடக்கமே இல்லை, அநாதி என்பார்கள். ஆனால் கறை யாருடையது என்பதில் ஐயமே கிடையாது. என் வினை என்னுடையது. தந்தை செய்தது மகனுக்கு இறங்காது. அதனால் அதைக் கழிக்கவும் இன்னொருவர் வர மாட்டார். தீர்த்தங்கரர்கள் வழிகாட்டிகள், வழியில் நடக்க வேண்டியவர் நாம்தான். இதற்குள்ளும் ஒரு கடுமை உண்டு. அபவ்வியர் என்று ஒருவகை உயிர்களைச் சமண நூல்கள் சொல்கின்றன. எவ்வளவு தவம் செய்தாலும் அவற்றுக்கு வீடு கிட்டாது. தன் முயற்சியையே நம்பிய சமயத்திலும், முயற்சி எட்டாத ஓர் இருட்டு மூலை இருந்தது.

ஏதேனிலிருந்து கார்த்தேஜ் வரை

இனி மேற்கே போவோம். ஆதாம் ஏவாள் கதை ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. விலக்கிய கனியைத் தின்றார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார்கள், நெற்றி வியர்வையும் பிள்ளைப்பேற்று வலியும் மண்ணுக்குத் திரும்பும் சாவும் அவர்களுக்கு வாய்த்தன. ஆனால் அந்த அதிகாரத்தில் பாவம் என்ற சொல் ஓரிடத்திலும் வராது. அடுத்த அதிகாரத்தில், காயீன் தம்பியைக் கொல்லப் போகும் இடத்தில்தான் அது முதலில் தலைகாட்டும். பெற்றோர் குற்றம் பிள்ளைகளின் தலையில் இறங்கும் என்றும் அங்கே எழுதவில்லை.

யூதர்களே இதைப் பலவிதமாகப் படித்தார்கள். கி.பி. 70இல் எருசலேம் கோயிலை ரோமர் அழித்த பிறகு எழுந்த இரண்டு யூத நூல்கள் இதற்கு நல்ல சாட்சி. எஸ்றாவின் பெயரால் எழுதப்பட்டது, ஆதாமின் வீழ்ச்சி அவனோடு நிற்காமல் நம் எல்லாருடைய வீழ்ச்சியும் ஆயிற்றே என்று புலம்புகிறது. பாருக்கின் பெயரால் எழுதப்பட்டதோ, அவரவருக்கு அவரவரே ஆதாம் என்று முடிக்கிறது. பிற்கால யூத ஆசிரியர்கள் மனிதனுக்குள் நல்ல நாட்டம், தீய நாட்டம் இரண்டும் உண்டு என்ற அளவில் நின்றார்கள். பரம்பரைக் குற்றம் என்பதை அவர்கள் ஏற்கவில்லை.

கிறிஸ்தவத்தில் இந்தக் கதைக்குக் கனம் கொடுத்தவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்தினார். ஒருவன் கீழ்ப்படியாமையால் சாவு நுழைந்தது. ஒருவரின் கீழ்ப்படிதலால் வாழ்வு வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரேனியு, ஆதாமும் ஏவாளும் இன்னும் முதிராத பிள்ளைகளைப் போன்றவர்கள், வளர்ச்சியில் இடறினார்கள் என்று இதை இளகிய மனத்தோடு விளக்கினார்.

கோட்பாடு கெட்டிப்பட்டது அகுஸ்தீனிடம். இன்றைய அல்ஜீரியாவில் 354இல் பிறந்தவர். இளமையில் மானி மதத்தில் இருந்தார். தீமை என்பது தனியான ஓர் ஆற்றல், ஒளியோடு ஓயாமல் போராடுகிறது என்பது அந்த மதம். பிறகு மிலான் நகரில் 387இல் ஞானஸ்நானம் பெற்று, ஹிப்போ நகரின் ஆயரானார். தன் வாழ்க்கையைத் தானே தோண்டிப் பார்த்து எழுதிய நூலில் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடினார். பசியால் திருடவில்லை, தவறு செய்வதில் இருந்த இன்பத்துக்காகத் திருடினார். மற்றது, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுக்கப் பொறாமையோடு பார்த்த ஒரு பச்சைக் குழந்தை. பேசக் கற்கும் முன்பே பொறாமை வந்துவிடுகிறது என்றால், கறை அதற்கும் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். சென்மப் பாவத்தைக் குறிக்கும் ‘ஆதிப் பாவம்’ என்ற தொடரை அவர் 396ஐ ஒட்டிக் கையாளத் தொடங்கினார். ஆதாமுக்குள் மனித குலம் முழுவதும் அடங்கியிருந்தது. அவன் பாவம் செய்தபோது எல்லாரும் செய்தார்கள். காமத்தோடு கூடிய பிறப்பின் வழியே அது தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்றார். பவுலின் கிரேக்க வாக்கியம் லத்தீனில் சற்று மாறி வந்திருந்தது இந்த வாசிப்புக்குத் துணைபோயிற்று.

இதை எதிர்த்தவர் பெலேஜியு. பிரித்தானியத் தீவிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. மனிதனால் முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார். ஆதாம் கெட்ட முன்மாதிரி காட்டினான், அவ்வளவுதான். பிறக்கும் குழந்தை ஆதாம் படைக்கப்பட்டபோது இருந்த நிலையில்தான் பிறக்கிறது என்பது அவர் தரப்பு. 410இல் ரோம் கொள்ளைபோனபோது அகதிகளோடு அவரும் வட ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் பேரவை அவருடைய போதனையைக் கண்டித்தது. அவர் தரப்பை அதன்பிறகும் விடாமல் வாதாடிய ஜூலியன் என்ற இத்தாலிய ஆயர் இரண்டு கேள்விகளால் அகுஸ்தீனை மடக்கப் பார்த்தார். குழந்தையைத் தண்டிக்கும் கடவுள் எப்படி நீதியுள்ளவர்? நீ விட்டுவந்த மானியின் மதத்தைத்தானே கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிறாய்? அகுஸ்தீன் 430இல் இறக்கும்வரை அவருக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தார்.

கிரேக்க மொழி பேசிய கீழைத் திருச்சபைகள் இந்தப் பாதையில் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு இறங்கியது சாவும் பலவீனமும். குற்றம் இறங்கவில்லை என்பது அவர்கள் நிலை. இஸ்லாமும் ஆதமின் கதையைச் சொல்கிறது. ஆனால் அவர் மனம் வருந்தினார், இறைவன் மன்னித்தான், கதை அத்தோடு முடிந்தது. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான நிலை. செஞ்சிக் கோட்டைக்குள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலில் தொழுதவர்கள் ஆதமை அறிவார்கள். அவரிடமிருந்து வரும் பரம்பரைக் கடனை அறிய மாட்டார்கள்.

திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கேள்வி

கார்த்தேஜில் தோற்ற கருத்தும் திருநாதர்குன்றில் நோன்பிருந்தவரின் கருத்தும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன. மனிதன் தன் முயற்சியால் தூயவனாகலாம் என்பதே அந்த இடம். பெலேஜியுவுக்குக் கடவுள் உண்டு, சந்திரநந்திக்குப் படைத்தவன் இல்லை; அந்த வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் மேற்கே முயற்சிக்கும் அருளுக்கும் நடந்த வழக்கு தமிழகத்திலும் தனக்கே உரிய முறையில் நடந்தது. அதன் முதல் அரங்கும் செஞ்சிச் சீமை அடங்கிய இந்த நடுநாடுதான்.

திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்தது. பெரியபுராணம் சொல்வது போல, உடனிருந்தவர்களால் தீர்க்க முடியாமல் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகையில் சிவனிடம் முறையிட்டார். நாவுக்கரசரான பின் பாடிய முதல் பதிகத்திலேயே, தாம் செய்த கொடுமைகள் எவை என்று தமக்கே தெரியவில்லை என்கிறார். தெரியாத குற்றத்தைத் தவக் கணக்கு போட்டுக் கழிக்க முடியாது. நீக்குபவன் வேறொருவன் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் எழுந்த அந்த முறையீட்டுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தத்துவ வடிவம் கொடுத்தவர் மெய்கண்டார்.

மெய்கண்டாரைப் பற்றிய மரபுக்கதை ஒன்று சைவர்களுக்கு நன்கு தெரியும். பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த சுவேதவனப்பெருமாள் என்ற பிள்ளைதான் பின்னால் மெய்கண்டார். அவருடைய குடும்பத்துக்குக் குலகுரு சகலாகம பண்டிதர், எல்லா ஆகமங்களும் கற்றவர். தன் சீடர் வீட்டுப் பிள்ளை ஊராருக்குச் சாத்திரம் சொல்கிறான், தன்னை வந்து பார்க்கவும் இல்லை என்று அவருக்குக் கோபம். நேரே வந்து நின்றார். அப்போது பிள்ளை ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆணவத்தின் வடிவம் என்ன?” என்று பண்டிதர் அதட்டலாகக் கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். நிற்கும் உங்கள் கோலமே அதன் வடிவம் என்பது அந்தப் பார்வையின் பொருள். பண்டிதர் அந்த இடத்திலேயே விழுந்து சீடரானார். அவர்தான் அருள்நந்தி சிவாசாரியார். சிவஞான சித்தியார் எழுதியவர். அந்த நூலின் பரபக்கத்தில் சமணர் உட்படப் பல மதத்தாரின் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கிறார்.

ஆணவம் என்பது இங்கே செருக்கு என்ற பேச்சுவழக்குப் பொருளை விட ஆழமானது. நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல, உயிரோடு தொடக்கமின்றியே இருக்கும் இருள் அது. உமி என்றைக்கு நெல்லோடு சேர்ந்தது என்று யாரும் நாள் குறிக்க முடியாது. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவமோ தான் இருப்பதையும் காட்டாது என்று உமாபதி சிவம் அதன் தன்மையைப் பிரித்துச் சொன்னார். ஆணவத்தை யாரும் செய்யவில்லை. ஆகவே அது குற்றமாகாது, தண்டனைக்கும் உரியதாகாது. கன்மமும் மாயையும் மற்ற இரண்டு மலங்கள். மாயையிலிருந்து உடலையும் உலகையும் இறைவன் தருவது, இந்த இருளிலிருந்து உயிர் மெல்ல விழிக்கட்டும் என்பதற்காக. அகுஸ்தீனுக்கு உடலின் பிறப்பு கறை இறங்கும் வாய்க்கால். மெய்கண்டார் மரபுக்கோ பிறவியே மருந்து, கசப்பானது என்றாலும்.

ஆனால் மருந்தைத் தானே உண்டு தேற உயிரால் முடியாது. களிம்பைச் செம்பு தானே நீக்கிக்கொள்ளாது. வினை ஒத்து, மலம் பக்குவப்பட்டு, அருள் பதிய வேண்டும். குரு வந்து காட்ட வேண்டும். இங்கே சைவம் சமணத்தை விட்டு விலகி, தான் கேள்வியே படாத அகுஸ்தீனின் பக்கத்தில் போய் நிற்கிறது. கறையின் மூலக்கதையில் இருவரும் இரு துருவம். தீர்வில் இருவரும் அருளை நம்பியவர்கள்.

கப்பலில் வந்த ஆதாம்

செஞ்சியில் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்ட காலம். 1597இல் நிக்கோலாஸ் பிமெந்தா என்ற சேசு சபைத் துறவி இந்தப் பக்கம் வந்து, நாயக்கரையும் நகரையும் கண்டு எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் மதுரையை மையமாக்கினார்கள். 1606இல் அங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழில் ஞானோபதேசம் எழுதினார். செஞ்சி, தஞ்சை எல்லை ஊர்களில் 1670களில் நடந்து திரிந்து போதித்தவர் ஜான் தெ பிரிட்டோ, மக்கள் வாயில் அருளானந்தர்.

தமிழர்களிடம் சென்மப் பாவத்தைச் சொல்ல வந்தவர்கள் வெற்றிடத்தில் பேசவில்லை. ஒருவன் குருடனாய்ப் பிறப்பானேன், ஒருவன் குபேரனாய்ப் பிறப்பானேன் என்று கேட்டால் ‘முன்வினை’ என்று சொல்ல இந்த நாட்டில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். அந்த இடத்தைக் காலி செய்தால்தான் ஆதாமை அமர்த்தலாம். எனவே தெ நொபிலி மறுபிறவியை மறுக்கவே ‘புனர்சென்ம ஆட்சேபம்’ என்று தனி நூல் செய்தார். மறுபிறவியை எதிர்த்து எழும் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு: தனக்கு நினைவே இல்லாத குற்றத்துக்கு ஒருவன் தண்டனை பெற்றால் அதனால் அவன் திருந்துவது எப்படி? வாதம் கூர்மையானது. ஆனால் அதே கூர்மை திரும்பியும் குத்தும். முன்பிறவியில் செய்ததையாவது நான் செய்தேன். ஏதேனில் வேறொருவர் தின்ற கனிக்கு நான் எப்படிப் பொறுப்பு? ஜூலியன் அகுஸ்தீனிடம் கேட்டதும் ஏறத்தாழ இதுதான்.

ஐரோப்பாவில் இதற்குள் இன்னொரு பிளவு. லூத்தரின் வழியினர் 1530இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில், மனிதன் கடவுள் பயமின்றி, நம்பிக்கையின்றி, தீய இச்சையோடே பிறக்கிறான், இந்த இச்சையே பாவம் என்றார்கள். கத்தோலிக்கர் 1546இல் திரெந்து சங்கத்தில் அதற்கு மறுமொழி கொடுத்தார்கள்: ஞானஸ்நானம் சென்மப் பாவத்தை முழுதும் போக்குகிறது, எஞ்சும் இச்சை பாவத்துக்கு இழுக்கும், ஆனால் தன்னளவில் பாவமாகாது. இரண்டு கட்சியும் சோழமண்டலக் கரைக்கு வந்து இறங்கின. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு, தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி அவர்களிடமிருந்து பதில் கடிதங்கள் வாங்கினார். ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சான அந்தக் கடிதங்கள் மொத்தம் 99. கடவுள், சடங்கு, மருத்துவம் என்று நீளும் அவற்றில் பாவம் எது, அது எப்படித் தீரும் என்பதும் பேசப்படுகிறது.

கோட்பாட்டின் பாரம் கடைசியில் குழந்தையின் தலையில்தான் இறங்கியது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுவுக்கு மிக லேசான தண்டனையாவது உண்டு என்று அகுஸ்தீன் எழுதியிருந்தார். இடைக்காலத்தில் அதை இளக்கி, துன்பமும் பேரின்பமும் இல்லாத ‘லிம்போ’ என்ற ஓரத்தை அறிஞர்கள் வைத்தார்கள். இப்படி இருக்கையில் சடங்கைத் தள்ளிப்போடலாமா? பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்நோன், 1704 ஜூனில் அங்கிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் தாமதிக்கக் கூடாது. உமிழ்நீர் தொடும் சடங்கையும் விடக் கூடாது என்பவை அதில் அடக்கம். எச்சில் என்றால் தமிழருக்குத் தீட்டு என்பதால் சேசு சபையார் அதைத் தவிர்த்து வந்தார்கள். கறையைப் போக்கும் சடங்கே ஊரார் கண்ணுக்குக் கறை பூசுவதாகத் தெரிந்த விந்தை அது. ‘மலபார்ச் சடங்குகள்’ என்ற அந்த வழக்கு ரோமில் நாற்பது ஆண்டு நடந்து, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் ஆணையோடுதான் ஓய்ந்தது.

கோயிலுக்குள் ஒரு சுவர்

கோட்பாட்டை உரைத்துப் பார்க்க ஒரு நல்ல கல் மறு ஆண்டே கிடைத்தது. மனித குலம் முழுவதும் ஒரே தாய் தந்தையின் வழி, ஒரே பாவத்தில் பிறந்தது என்றால், பிறப்பால் உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று பேச இடமே இல்லை. சென்மப் பாவம் இருண்ட கோட்பாடுதான். ஆனால் அதற்குள் ஒரு சமத்துவம் ஒளிந்திருக்கிறது. அரசனும் தோட்டியும் ஒரே கணக்கில் கடனாளி.

புதுச்சேரி மாதா கோயிலில் அப்போது நிலைமை வேறு. உள்ளே வடபுறம் ஒரு சுவர். ஒருபக்கம் பறையர் கிறிஸ்தவர். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் இதை எழுதியிருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைப் பார்த்துக் கிளப்பிவிட, ஒடுக்கப்பட்டவர்கள் திரண்டு பெரிய குருவிடம் போனார்கள். எல்லாரும் உமக்குச் சீடர்தான் என்றால் எங்களை மட்டும் பிரித்து வைப்பானேன் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் பொருமினார்கள்; சச்சரவு தொடர்ந்தது.

ஒரே கறை என்று மேடையிலிருந்து கேட்டவர்கள், அந்தச் சொல்லைச் சொன்னவர்களைவிட நேர்மையாக எடுத்துக்கொண்டார்கள். பிறப்பிலேயே தீட்டு என்று ஊர் சொன்னவர்களுக்கு, பிறப்பில் எல்லாருக்கும் ஒரே கறைதான் என்ற போதனை இழிவாகப் பட்டிருக்காது, விடுதலையாகவே பட்டிருக்கும். முன்வினைக் கோட்பாட்டுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. அவரவர் வினை அவரவர்க்கு என்பது தத்துவத்தில் நீதி. ஊர்த் தெருவில் அதுவே, தாழ்ந்த பிறப்பு அவன் தேடிக்கொண்டது என்று சொல்லவும் பயன்பட்டது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சைவக் கணக்கையும் கிறிஸ்தவக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் 1854இல் சிவஞான போதத்தை ஆங்கிலமாக்கினார். 1900இல் திருவாசகத்தை மொழிபெயர்த்த ஜி.யு. போப், மலக் கோட்பாட்டை மேலை வாசகருக்கு விளக்கினார். ஆணவம் தங்கள் ஆதிப் பாவத்தை நினைவூட்டுகிறதே என்று மிஷனரிகள் வியந்தது இயல்புதான். இரண்டும் பிறவியோடு வருகின்றன. இரண்டையும் மனிதன் தன் கையால் போக்க முடியாது.

இந்தப் பக்கத்திலிருந்து மறுமொழி சொன்னவர் ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை. மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1895இல் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் தந்தவர். சித்தாந்த தீபிகை இதழை நடத்தியவர். ஏதேனில் நின்ற நன்மை தீமை அறியும் மரத்தைப் பற்றியே அவர் ஒரு கட்டுரை எழுதினார். தோட்டத்துக் கதையைச் சித்தாந்தக் கண்ணால், உயிர் இருவினையில் சிக்கும் கதையாகப் படித்தார். ஆணவத்தை ஆதாமின் பாவம் என்று மிஷனரிகள் படித்தால், ஆதாமின் கதையை ஆணவத்தின் கதை என்று நம்மாலும் படிக்க முடியும் என்று காட்டியது போல இருந்தது அது.

கிறிஸ்தவ உலகுக்குள்ளும் கோட்பாடு அசையாமல் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுக்களைப் பற்றி 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. ஜூலியன் அகுஸ்தீனை மடக்கப் பார்த்த கேள்விக்கு, பதினாறு நூற்றாண்டு கழித்துத் தாய்மையின் பக்கம் சாய்ந்த பதில் இது.

மூன்று பதில்களையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம். கறை நான் சேர்த்தது என்றால் நான்தான் கழிக்க வேண்டும்; அந்தக் கணக்கின் கடைசி வரி ஐம்பத்தேழு நாள் நோன்பு. கறை யாரும் சேர்க்காதது, என்னோடு இருப்பது என்றால், குற்ற உணர்வு குறையும். ஆனால் அருளுக்கும் குருவுக்கும் காத்திருக்க வேண்டும். கறை இன்னொருவரிடமிருந்து வந்தது என்றால், அதைத் துடைக்கவும் இன்னொருவர் வரலாம். பவுலின் வாதம் முழுவதும் அந்த ‘ஒருவரால்’ என்பதில்தான் நிற்கிறது. அதனால்தான் இந்தச் சமயங்கள் தோற்றக் கதைக்காக அவ்வளவு கடுமையாகச் சண்டை போட்டன. வெளிப்பார்வைக்கு அது பழங்கதை பற்றிய வழக்கு. உள்ளே நடந்தது, மனிதன் யாரை நம்பி எழுந்து நிற்பது என்ற வழக்கு. அதில் ஒவ்வொரு தரப்பும் மற்றதன் பலவீனத்தைச் சரியாகவே கண்டுபிடித்தது. தன்னுடையதைக் காண அதற்கு எதிராளி தேவைப்பட்டார். சகலாகம பண்டிதருக்கு ஒரு பிள்ளையின் பார்வை தேவைப்பட்டது, அகுஸ்தீனுக்கு ஜூலியன், புதுச்சேரிக் குருமாருக்குச் சுவருக்கு அப்பால் நின்றவர்கள்.

அடுத்த இதழில்: செஞ்சித் தலைவன் ஒருவனுக்கு அஞ்சிச் சமணர்கள் நெற்றியில் நீறு பூசினார்கள் என்று சொல்லும் மரபுக்கதையும், மேல்சித்தாமூர் மடத்தின் வரலாறும்.

(தொடரும்)